கருவிழி ஓரம்

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொல்லி வைதேகி மறுபடியும் கையை நீட்டினாள். நடேசன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெட்டி திறந்திருந்தது. உள்ளே மங்கையற்கரசி கூறைச்சேலையும் குங்குமப் பொட்டுமாக மல்லாந்து நேராகப் படுத்திருந்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாளும் அவள் அப்படிப் படுத்ததில்லை. ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, போர்வை முழுவதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கிறவள். பெட்டிக்காரர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். ஆனால் ஆளைத் தெரியாமல் செய்திருந்தார்கள்.

"அத்தான், அக்காவைக் கடைசியாப் பாக்கிற நேரம். கண்ணாடியோட நிண்டால் நல்லாயில்லை. சனம் பாக்குது."

வைதேகி மங்கையின் தங்கை. கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருந்து புருசனோடும் இரண்டு பெரிய சாப்பாட்டுச் சட்டிகளோடும் விடியவே வந்திறங்கியவள். செத்தவீட்டில் அடுப்பு எரியாது என்பது அவளுக்குத் தெரியும். அத்தான் ஒரு கிழமையாக என்ன சாப்பிட்டார் என்பதும் குப்பை வாளியைத் திறந்து பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

சனம் பார்க்கத்தான் வந்திருந்தது. வுப்பர்டால் நகரத்துத் தமிழரில் வேலைக்கு லீவு கிடைத்த எல்லாரும் அந்தச் சுடலை மண்டபத்தில் நின்றார்கள். கதிரையில் அமர்ந்து, சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துவிட்டுப் போகிற ஆட்களுக்காகக் கட்டிய மண்டபம் அது. கற்பூரம் கொளுத்தக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது என்று பொறுப்பாளர் முன்பே சொல்லிவிட்டார். ஐயர் வாசலில் நின்று தனக்குத் தெரிந்த டொய்ச் மொழியில் மன்றாடி ஒரு குத்துவிளக்குக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார். புகை இல்லாதது பெரியவர்களுக்குக் குறையாகப்பட்டது. நடேசனின் கண்ணுக்கு அது பெரிய உதவி.

கடைசியில் அவர் கண்ணாடியைக் கழற்றினார். உயரத்து யன்னலால் வந்த மாசி மாத வெளிச்சம் கொஞ்சம்தான். அதுவே மிளகாய்த்தூள் பட்டமாதிரி எரிந்தது. பெட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்தார். மங்கையின் முகம் ஒரு மூட்டத்துக்குள் இருந்தது. நேற்றுக் காலையில் இவ்வளவு மூட்டம் இல்லை.

பின்னால் ஒரு பெருமூச்சு கிளம்பியது. நடேசன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிற இராஜேஸ்வரிதான். "பாவம் மனிசன். அழுதழுது கண் இரத்தமாப் போச்சு," என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். "அழட்டும். மறிக்காதேங்கோ. அழுதால்தான் நெஞ்சு ஆறும்."

நடேசனுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். மங்கை உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் வீட்டுக்குப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். ஏனென்றால் நடேசன் ஒரு துளிகூட அழவில்லை. அவரால் அழ ஏலாது. கண்ணீர் சுரக்கிற இடமும் சேர்ந்துதான் எரிந்துபோயிருந்தது.

அது நாலு வருடத்துக்கு முந்திய கதை. ஒரு உணவகத்தின் குசினியில் அவருக்கு வேலை. சாமத்தில் கடை பூட்டியபிறகு அடுப்பின் உட்புறத்துக்குக் கொழுப்பை அரிக்கிற காரத்தண்ணி அடித்துக் கழுவவேண்டும். குந்தியிருந்து, தலையை உள்ளே விட்டு அடித்துக்கொண்டிருந்தபோது போத்தலின் மூக்கு வெடித்துத் திரும்பி அடித்தது. வலது கண் அன்றோடு முடிந்தது. இடது கண் முழுதாய்ச் சாகவில்லை. மேற்பரப்பு அவித்த முட்டை மாதிரி வெளுத்து மூடிக்கொண்டது. இரண்டு வருடம் அவர் வெளிச்சத்தையும் இருட்டையும் மட்டும் பிரித்தறிந்துகொண்டு குசினி மேசையில் இருந்தார். மங்கை முதியோர் இல்லத்தில் தரை துடைத்துவிட்டு வந்து அவருக்குச் சோறு பிசைந்து கொடுத்தாள்.

பக்கத்து நகரத்துப் பெரிய கண் கிளினிக்கில் லிண்ட்னர் என்கிற பெண் டொக்டர் விசயத்தை விளக்கினார். கண்ணின் மேல்தோல் நாளாந்தம் தேய்ந்து நாளாந்தம் வளர்கிறது. அது முளைக்கிற வேர் கருவிழியின் ஓரத்தைச் சுற்றி வளையமாக இருக்கிறது. நடேசனுக்கு அந்த வேர் எரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற இன்னொருவரின் கண் ஓரத்தில் இருந்து பிறைபோல ஒரு சிறு துண்டு எடுத்து இங்கே நடலாம். எடுத்த இடம் தானாக ஆறிவிடும். இரத்த உறவாக இருந்தால் நல்லது. கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா?

இருந்தார்கள். ஊரில் இருந்தார்கள். அவர்களுக்கு விசா மறுக்கப்பட்டுவிட்டது.

"நான் இருக்கிறன்," என்றாள் மங்கை.

மனைவி இரத்த உறவு ஆகாது என்று டொக்டர் பொறுமையாகச் சொன்னார். மங்கையும் பொறுமையாகத் தன் முதியோர் இல்லத்து டொய்ச்சில் சொன்னாள்: அவருடைய அம்மாவும் என்னுடைய அப்பாவும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தயவுசெய்து இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மங்கை ஒரு கடதாசி வாங்கிக் கோடு கீறிக் காட்டினாள். இரத்தம் சோதித்தபோது, நினைத்ததைவிடப் பொருத்தம் இருந்தது. திரும்பி வரும்போது ரெயினில் மங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை. வெளியில் பெண் பார்க்கவேண்டும் என்று கலியாணத்துக்கு முதல் நடேசன் ஒரு மாதம் சாப்பிடாமல் அடம்பிடித்தவர். "மச்சாள் வேண்டாமெண்டு நிண்டியளே, இப்ப ஆர் கண் தாறது?" என்று ஹாகன் நிலையம் வரும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

அதற்குமேல், உயிரோடு இருப்பவர் தானம் கொடுப்பதென்றால் வற்புறுத்தல் இல்லை என்று ஒரு குழு விசாரிக்கும் சட்டம் இருந்தது. மங்கையைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்கள். என்னை வற்புறுத்த இவருக்குத் தைரியம் கிடையாது என்று சொல்லிவிட்டு வந்தாளாம். நடேசன் அதை நம்பினார்.

ஒப்பரேசனுக்கு முதல் டொக்டர் இன்னொன்றும் சொன்னார். உங்கள் உடம்பு இந்தத் துண்டை அந்நிய ஆள் என்றுதான் நினைக்கும். வெளியே தள்ளப் பார்க்கும். தள்ளவிடாமல் சொட்டு மருந்து போடவேண்டும், விடாமல், வருடக்கணக்காக. கண் சிவந்தால், வெளிச்சம் குத்தினால், பார்வை மங்கினால், அன்றைக்கே வரவேண்டும். ரெர்மின் எடுத்து நாள் குறிக்கத் தேவையில்லை. நேரே வாருங்கள்.

மங்கைக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு வருசம் கூட இருந்தும் இந்த மனிசன்ர உடம்புக்கு நான் ஆரெண்டு தெரியாதாமோ?" என்றாள். அதை டொக்டருக்கு மொழிபெயர்க்க நடேசனுக்குத் துணிவு வரவில்லை.

பார்வை வந்தது. பேப்பர் வாசிக்கிற அளவுக்கு இல்லை, ஆனால் பஸ் இலக்கமும் மங்கையின் முகமும் தெரிகிற அளவுக்கு வந்தது. சொட்டு மருந்து அவள் பொறுப்பு. நடேசனுக்குப் போத்தல் மூக்கு கண்ணுக்குக் கிட்ட வந்தால் போதும், உடம்பே தூக்கிப்போடும். காரத்தண்ணி அடித்த போத்தலுக்கும் ஒரு மூக்கு இருந்ததல்லவா. அதனால் மங்கை ஒரு வழி கண்டுபிடித்தாள். குசினித் தரையில் சப்பாணி கட்டி இருந்து, அவர் தலையைத் தன் மடியில் வைப்பாள். வெங்காயமோ சவர்க்காரமோ மணக்கிற பெருவிரலால் இமையைப் பிடிப்பாள். அவளுடைய முகம் தலைகீழாக மேலே வரும். அவளுடைய இடது கண்ணின் ஓரத்தில், துண்டு எடுத்த இடத்தில், நகத்தின் அடியில் இருக்கிற பிறை மாதிரி ஒரு வெளிறல் இருக்கும்.

"போத்தலைப் பாக்காதேங்கோ. என்னைப் பாருங்கோ," என்பாள். பார்ப்பார். சொட்டு விழுந்துவிடும்.

போன கிழமை மங்கை முதியோர் இல்லத்து நடையில், துடைப்பத்தைச் சுவரோடு சாத்திவிட்டு, களைப்பாறுகிறவள் மாதிரி இருந்தாளாம். நெஞ்சு நின்றுபோனது. எரிப்பதற்கு நாள் கிடைக்க ஒரு கிழமை எடுத்தது. அந்தக் கிழமையில் கேட்டவர்களுக்கெல்லாம் மருந்து போட்டிட்டன் என்றே நடேசன் சொன்னார். இராஜேஸ்வரி தான் போட்டுவிடுவதாகச் சொன்னபோதும் அதையேதான் சொன்னார்.

போடவில்லை. முதல் நாள் முயன்று பார்த்தார். குசினித் தரையில் மல்லாந்து படுத்தார். மேலே மின்குமிழ் மட்டும் இருந்தது. போத்தலைக் கிட்டக் கொண்டுவந்ததும் உடம்பு தூக்கிப்போட்டது. காதுக்குள் போனது மருந்து. அதற்குப்பிறகு அவர் போத்தலைத் தொடவில்லை. யாருக்காகப் பார்க்கவேண்டும் என்று ஒரு நினைப்பும் இருந்தது; அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நேற்று விடிய எழும்பியபோது கண் சிவந்திருந்தது. வெளிச்சம் குத்தியது. முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்றபோதுதான் அவருக்கு விளங்கியது. அவளைப் பெட்டிக்குள் வைத்து மூடப்போகிற அதே நேரத்தில், தன்னுடைய உடம்பும் அவளை வெளியே தள்ளத் தொடங்கிவிட்டது.

சொன்னால் எல்லாரும் குழம்புவார்கள். எரிக்கிற நாள் தள்ளிப்போகும். அவர் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மண்டபத்தில் மஞ்சளும் அறுகும் போட்டுச் சுண்ணம் இடித்தார்கள். உரல் சின்னது, பொறுப்பாளரின் முகம் பெரிதாகச் சுருங்கியது. ஐயர் பாடினார். பெண்கள் பெட்டியைச் சுற்றிவந்து வாய்க்கரிசி போட்டார்கள். அடுத்த குடும்பம் வாசலில் மலர்வளையங்களோடு காத்திருந்தது தெரிந்ததும் எல்லாவற்றுக்கும் ஒரு அவசரம் வந்துவிட்டது. நடேசன் குங்குமம் எடுத்து மங்கையின் நெற்றியில் வைத்தார். விரலில் குளிர் ஏறியது. அவளுடைய இமைகள் இரண்டும் மூடியிருந்தன. இடது கண்ணின் ஓரத்துப் பிறையை இனிப் பார்க்கமுடியாது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குனிந்தபடியே நின்றார். யாரோ தோளைப் பிடித்து நிமிர்த்தினார்கள்.

பிள்ளைகள் இல்லாதபடியால் கொள்ளியும் அவர்தான். இங்கே கொள்ளிக்குப் பதிலாக ஒரு பச்சைப் பொத்தான். கீழ்த்தளத்தில், இரும்புக் கதவுக்குப் பக்கத்தில், சுவரில் இருந்தது. ஐயரும் வைதேகியின் புருசனும் நடேசனும் மட்டும் இறங்கினார்கள்.

கொள்ளி வைக்கிறவர் பார்த்துக்கொண்டு வைக்கக்கூடாது, திரும்பி நின்று பின்கையால் வைக்கவேண்டும் என்றார் ஐயர். பொத்தானுக்கு முதுகு காட்டி நின்றால் பொத்தான் எங்கே என்று தெரியாது. நடேசன் கையைப் பின்னால் விட்டுச் சுவரைத் தடவினார். நீல மேலங்கி போட்ட தொழிலாளி ஒன்றும் விளங்காமல் ஐயரைப் பார்த்தான், நடேசனைப் பார்த்தான். பிறகு தன் கையால் நடேசனின் விரலைப் பிடித்துப் பொத்தானில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டான். அழுத்துவதை அவரிடமே விட்டான்.

அழுத்தினார். இரும்பு இழுபடுகிற சத்தம் கேட்டது. முதுகில் கொஞ்சம் சூடு பட்டது. கதவு மூடியது.

"திரும்பிப் பாராமல் வாங்கோ," என்றார் ஐயர்.

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. கார்கள் சூடேறிக்கொண்டு நின்றன. இனி நேரே வீடு. தலையில் தண்ணீர் வார்த்துக் குளித்துவிட்டுத்தான் வேறு எதுவும். குளிக்கும்வரை வேறொருவர் வாசலையும் மிதிக்கக்கூடாது. இராஜேஸ்வரி முன்னமே போய்க் குளியலறையில் சுடுதண்ணி வாளி வைத்திருப்பாள்.

நடேசன் காரில் ஏறாமல் நின்றார். வேட்டிக்கு மேல் குளிர் கோட்டு, நெற்றியில் திருநீறு, முகத்தில் கறுப்புக் கண்ணாடி. வைதேகி குடையோடு வந்தாள்.

"ஏறுங்கோ அத்தான். குளிருது."

"நான் கிளினிக்குக்குப் போகவேணும், வைதேகி."

வைதேகி நெஞ்சுவலி என்றுதான் முதலில் நினைத்தாள். புருசனைக் கூப்பிடத் திரும்பியவளை நடேசன் கையைப் பிடித்து மறித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இது அழுது சிவந்ததில்லை," என்றார். "நான் மருந்து போடேல்லை. உன்ர அக்கா தந்த துண்டு சாகுது."

வைதேகி கண்ணைப் பார்த்தாள். அவளுக்கும் மங்கையுடைய கண்தான், கொஞ்சம் சின்னது. நடேசனால் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு, நாளைக்கு விடியவே தானே கூட்டிக்கொண்டு போவதாக அவள் சொன்னாள். சுடலையால் நேரே போய் ஆஸ்பத்திரி ஏறுகிறது நல்லதில்லை, அங்கே எத்தனை நோயாளிகள் இருப்பார்கள் என்றாள். குரல் போகப்போக இறங்கியது. சொல்வதைத் தானே நம்பவில்லை என்று அவளுக்கே தெரிந்துவிட்டது போல.

"நாளைக்கு வரை அது இருக்காது," என்றார் நடேசன். "எல்லாத்தையும் அங்கை எரிச்சாச்சு. இது ஒண்டுதான் மிச்சம்."

காரில் இருந்து வைதேகியின் புருசன் ஹோர்ன் அடித்தான். ஐயரை அடுத்த வேலைக்குக் கொண்டுபோய் இறக்கவேண்டும். வீட்டில் இவ்வளவு சனத்துக்கும் சாப்பாடு கொடுக்கவேண்டும், அந்தச் சட்டிகளின் மூடி வைதேகி போகாமல் திறபடாது. அவள் காரைப் பார்த்தாள். சுடலையின் புகைபோக்கியைப் பார்த்தாள். பிறகு தன் கழுத்துச் சால்வையை உருவி நடேசனின் தலையில் போட்டு, காதை மூடிக் கட்டிவிட்டாள்.

"வந்த சனத்துக்கு என்ன சொல்லுறது?" என்றார் நடேசன்.

"ஒண்டும் சொல்லவேண்டாம். செத்தவீட்டால போறவை சொல்லிப்போட்டுப் போறேல்லை." அவள் மூக்கை உறிஞ்சினாள். "போங்கோ, அத்தான்."

நடேசன் சொல்லாமல் போனார்.

ஆற்றுக்கு மேலே தொங்கி ஓடுகிற தொங்குரெயினில் ஆட்கள் அவருடைய வேட்டியைப் பார்த்துவிட்டு யன்னலைப் பார்த்தார்கள். கீழே வுப்பர் ஆறு கலங்கி ஓடியது, அல்லது அவருக்குக் கலங்கித் தெரிந்தது. பெரிய நிலையத்தில் ரெயின் மாறும்போது நேர அட்டவணைப் பலகையில் ஒரு எழுத்தும் தெரியவில்லை. முன்பெல்லாம் மங்கை வாசிப்பாள். ஒரு பெண்ணை மறித்துக் கேட்டார். அவள் நெற்றித் திருநீற்றைப் பார்த்துக் கொஞ்சம் பின்வாங்கி, ஆனாலும் மேடை இலக்கத்தைச் சொன்னாள். ரெயினில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. குளிக்காத உடம்பு, இன்னும் கழியாத சுடலைத் துடக்கு. இருக்கையில் முழுதாய்ச் சாயக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. அதே ரெயின்தான். அதே பக்கந்தான். ஹாகன் நிலையம் வந்தபோது தனக்குள்ளேயே, ஓம், நீதான் தந்தனி, என்று சொன்னார். அன்றைக்கு அவள் எத்தனை தரம் கேட்டும் இந்தப் பதிலைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு முன் கொஞ்சம் தயங்கினார். வேட்டிக்கரையில் சுடலைச் சேறு இருந்தது. குனிந்து கையால் தட்டிவிட்டு உள்ளே போனார்.

உர்சுலா என்கிற தாதிக்கு அவர்களை நன்றாகத் தெரியும். எப்போதும் இருவருக்கும் சேர்த்துத்தான் கதிரை இழுத்துப் போடுவாள். இன்றைக்கும் இரண்டு கதிரை இழுத்துப் போட்டாள். மனைவி கோப்பி மெசினோடு சண்டைபிடிக்கப் போய்விட்டாவா என்று கேட்டாள். அது அவர்களுக்குள் பழைய பகிடி. மங்கைக்கு அந்த மெசின் ஒருநாளும் சீனி கொடுத்ததில்லை. நடேசன் இல்லை என்று மட்டும் சொன்னார். உர்சுலா அவருடைய தலைச்சால்வையையும் திருநீற்றையும் வேட்டியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு கேள்வி கேட்காமல் நேரே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

தாடையை வைக்கிற தட்டில் தாடையை வைத்தார். ஒளிக்கீற்று கண்ணுக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திறந்துவைத்திருந்தார். லிண்ட்னர் டொக்டர் எந்திரத்தை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார். எப்போதிருந்து மருந்து இல்லை என்று கேட்டார். ஒரு கிழமை என்றார் நடேசன். ஏன் என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது.

அடுப்புக்கும் சட்டிக்கும் சம்பளத்துக்கும் நடேசனிடம் டொய்ச் சொற்கள் இருந்தன. இதற்கு இருந்தவற்றை ஒன்றொன்றாகப் பொறுக்கினார்.

"மருந்து போடுற ஆள் செத்துப்போச்சு," என்றார். "இண்டைக்குத்தான் எரிச்சனாங்கள். அங்கையிருந்து நேரா வாறன்."

டொக்டர் தலையை எந்திரத்தில் இருந்து எடுத்தார். உர்சுலாவின் கையில் இருந்த கோப்பு மெதுவாக மேசைக்குப் போனது. அவள் நடேசனின் தோளில் கை வைத்தாள். ஆனால் அவருக்கு ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. ஒரு விடைதான் வேண்டியிருந்தது.

"இருக்கிறாவோ?" என்று கேட்டார்.

டொக்டர் மறுபடி குனிந்து பார்த்தார். இம்முறை இன்னும் மெதுவாக, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி. அவர் பேசியபோது கோபம் போயிருந்தது. வீக்கம் இருக்கிறது, ஒரு பக்கம் இரத்தம் ஏறியிருக்கிறது, அந்தப் பக்கம் கொஞ்சம் இழக்கவேண்டி வரலாம். மற்றப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. இன்றைக்கு ஊசி, இன்றிலிருந்து மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு, சில நாட்கள் இங்கேயே தங்கவேண்டும். நாளைக்கு வந்திருந்தால் தன்னால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்றார்.

பிறகு, கேட்ட கேள்விக்கு விடை சொல்லவில்லை என்று நினைவு வந்தவர் போல, "இருக்கிறா," என்றார்.

ஊசி போட்டார்கள். வலித்தது. உர்சுலா அவரை ஒரு கட்டிலில் இருத்தி, சால்வையை அவிழ்த்து மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். மருந்துப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள். நடேசன் கையை நீட்டினார்.

தான் போட்டுவிடுவதாக உர்சுலா சொன்னாள். இங்கே நீங்கள் போடுவீர்கள், வீட்டில் யார் போடுவது என்று நடேசன் கேட்டார். பழகவேண்டும். உர்சுலா போத்தலைக் கொடுத்தாள்.

மல்லாந்து படுத்தார். மேலே வெள்ளைச் சதுரங்களாகக் கூரை. போத்தல் மூக்கு கிட்ட வந்தது, உடம்பு தூக்கிப்போட்டது. சொட்டு கன்னத்தில் விழுந்து காதுப்பக்கம் ஓடியது. உர்சுலா துடைத்துவிட்டாள். மறுபடியும். இம்முறை மூக்கில். ஒன்றும் செய்யமுடியாத ஒரு கிழட்டு மனிதன் என்று தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வீட்டில் எதைப் பார்த்துக்கொண்டு போடுவீர்கள்?" என்று உர்சுலா கேட்டாள்.

நடேசன் கண்ணைத் திறக்காமலே "அவவை," என்றார்.

உர்சுலாவின் காலடி போவது கேட்டது. ஒரு இழுப்பறை திறந்து மூடியது. திரும்பி வந்தவள் அவர் தலைமாட்டில் நின்று, முகம் பார்க்கிற ஒரு வட்டக் கண்ணாடியை அவருடைய முகத்துக்கு நேரே, மிகக் கிட்டப் பிடித்தாள். திறவுங்கள் என்றாள்.

திறந்தார். வெளிச்சம் குத்தியது. கண்ணாடியில் ஒரு சிவந்த கண் கலங்கலாகத் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கருவிழி தெரிந்தது. அதன் ஓரத்தில், சிவப்புக்குள், நகத்தடிப் பிறைபோல வெளிறிய ஒரு துண்டு.

நடேசன் போத்தலைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தார். சொட்டு விழுந்தது. எரிந்தது. உர்சுலா இனி மூடலாம் என்று சொன்ன பிறகும் அவர் கண்ணை மூடவில்லை.